நோட்டீஸின் பின்பக்கம்

தீ அணைந்த மறுநாளே எங்கள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எரிந்த வீட்டைப் பார்க்க வந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. இவர்கள் எரியாத வீட்டைப் பார்க்க வந்தார்கள். சுவரைத் தடவினார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். எதிர் வரிசை மருந்துக் கடைக்காரர் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "வேன்காரம்மா, தீ வர்றதுக்குள்ள வீட்டைச் சரிபண்ணுங்கன்னு நீங்க வீடு வீடா வந்து சொன்னப்ப நாங்க சிரிச்சோம். இப்ப எங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்க." எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பொய் சொல்வானேன், இரண்டு பேரை நானே கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினேன்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குத் திரும்புவேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவரப் பதினொன்றரைக்கு மறுபடியும் கிளம்ப வேண்டும். இடையில் இருக்கிற இரண்டு மணி நேரம்தான் எனக்கும் என் வீட்டுக்கும். வீட்டுக்காரர் டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போகிறவர். அடுத்தவர் வீட்டுத் தரையெல்லாம் பளபளக்கும், எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட ஆறு மாதம் சொல்ல வேண்டும். அதனால் எதுவானாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் நானே செய்துகொள்வேன்.

போன கோடையில் பக்கத்து மலையில் தீ பிடித்து ஒன்பது வீடுகள் போயின. அதற்குப் பிறகு தீயணைப்புத் துறையிலிருந்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். 'உங்கள் வீடு தீயைத் தாங்குமா? பத்துக் குறிப்புகள்' என்று தலைப்பு. மற்றவர்கள் அதை மடித்து எங்கோ செருகினார்கள். நான் பசையை முழுக்கத் தடவி, ஓரம்கூடத் தூக்காதபடி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். நான் ஒட்டினால் ஒட்டினதுதான்.

பத்தில் ஒன்றையும் விடவில்லை. காற்று போகிற ஓட்டைகளுக்கெல்லாம் பொடிக்கண் கம்பி வலை அடித்தேன். கூரைத் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலில் நாலு வருஷத்துச் சருகு கிடந்தது, சுரண்டி எடுத்தேன். விறகை வீட்டுச் சுவரை விட்டுத் தூரமாக மாற்றினேன். சுவரில் படர்ந்திருந்த கொடியை வேரோடு பிடுங்கினேன். மேட்டு வீட்டிலிருந்து என் நாத்தனார் இறங்கிவந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நல்லா இருந்த வீட்டை மொட்டை அடிச்சு நிக்க வச்சிருக்கே" என்றார்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் புல், புல்லுக்கு மேலே அவர் வீடு. தனி ஆள். ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பார். வீடு முழுக்கத் துணிச் சுருள், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் வெந்நீர் அடுப்புக்கு விறகு. "அண்ணி, விறகையாவது தள்ளி வையுங்களேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "நீ வேன்ல இருக்கற பிள்ளைங்களை மிரட்டு, என்னை மிரட்டாதே" என்பார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுப்பேன். அவர் வீடு எரிந்தபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதுதான்: வேன்காரம்மா பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

பத்தாவது குறிப்பு, வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டுவது. அது மட்டும் பாக்கியிருந்தது. வியாழக்கிழமை துறை ஆள் சரிபார்க்க வருவதாக இருந்தது. புதன்கிழமை காலை வேன் விட்டுவந்து, தெரிந்தவர் வீட்டிலிருந்து புல்வெட்டும் மெஷினை வாங்கி, பத்தரை மணிக்கு ஆரம்பித்தேன். நுனியில் இரும்புத் தகடு சுற்றுகிற மெஷின். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வெட்டினேன். ஒரே ஒரு இடத்தில் தகடு கல்லில் பட்டு ணங் என்றது. கல்லைத் திட்டிவிட்டு மேலே வெட்டினேன். பதினொன்றேகாலுக்கு முடித்து, முகம் கழுவி, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு, வேனில் பாதிப் பிள்ளைகள் இருக்கும்போது, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரர் போன் செய்தார். "பின்னாடி பத்திக்கிச்சு. அக்காவை வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். நீ இந்தப் பக்கம் வராதே." மிச்சப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் போனேன். தீ மேலே ஏறி அண்ணி வீட்டைத் தின்றது. கீழே எங்கள் வேலி வரைக்கும் வந்து, வெட்டின புல்லில் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றது. கூரையில் கங்குகள் மழையாகக் கொட்டியும் வலையைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகவில்லை. அண்ணி கட்டின புடவையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை துறை ஆள் வந்தார். வீட்டைப் போட்டோ பிடித்தார், என்னை வாசலில் நிற்கவைத்து இன்னொன்று பிடித்தார். "மாதிரி வீடுன்னு உங்க வீட்டைத்தான் போடப்போறோம்மா. இதை நீங்களே தெருவுல எல்லாருக்கும் குடுத்துருங்க, நீங்க குடுத்தா மதிப்பாங்க" என்று ஒரு கட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதே நோட்டீஸ்தான். கட்டைப் பிரித்தபோது ஒன்று கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கமும் அச்சடித்திருந்தது.

பின்பக்கமா? இதற்குப் பின்பக்கம் உண்டா? எடுத்துப் படித்தேன். 'எதை எப்போது செய்யக் கூடாது' என்று தலைப்பு. முதல் வரியே இதுதான்: 'புல்லைக் காலை பத்து மணிக்குள், ஈரம் இருக்கும்போதே வெட்டவும். வெயில் ஏறியபின் இரும்புத் தகடு வேண்டாம். தகடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். பொறி காய்ந்த புல்லுக்குள் ஒரு மணி நேரம்கூடக் கனன்றுவிட்டுப் பிறகு பற்றலாம்.'

சுவரில் நான் ஒட்டினதற்கும் இந்தப் பின்பக்கம் இருக்கிறதா, அல்லது புதிதாகச் சேர்த்தார்களா? அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுரண்டினேன். பசைக்காரி நான்தானே, லேசில் வருமா? கிழிந்து கிழிந்து வந்தது. காகிதம் வந்த இடத்தில் பின்பக்கத்து எழுத்துகள் சுண்ணாம்பில் இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தன. 'பத்து மணிக்குள்' என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன்.

"ஏம்மா, நல்லா இருக்கற சுவரை ஏன் சுரண்டுறே?" என்று அண்ணி கூடத்திலிருந்து கேட்டார்.

"பழசாயிடுச்சு அண்ணி. புதுசு ஒட்டப்போறேன்."

அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரே குழப்பம். பின்னால் போய் அந்தக் கல்லைத் தேடினேன். இருந்தது, மேலே வெள்ளையாக ஒரு கீறல். ஆனால் கல்லைச் சுற்றி நான் வெட்டின புல் அப்படியே இருந்தது, கருகவில்லை. கருகல் ஆரம்பிக்கிற இடம் மேலே தள்ளி. காலடி வைத்து எண்ணினேன், பதினெட்டு. பொறி பதினெட்டு அடி பறக்குமா? சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினால் இருபத்தொன்று. காலடி எப்படி மாறும்? அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது? என் முந்தானை முகத்தில் அடித்தது நினைவிருக்கிறது. ஆனால் நான் அப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றேன்? மூன்றாவது முறை எண்ணாமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் அண்ணி எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் நாத்தனார், எனக்கு, காய்! முப்பது வருஷத்தில் நடக்காத அதிசயம். வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தார். டம்ளரைக் கழுவி வைத்தார், எதற்கெடுத்தாலும் "உனக்குத் தொந்தரவு" என்றார். எனக்கு அவரோடு சண்டை போட்டுப் பழக்கம், இப்படிப் பழக்கமில்லை. திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான் வச்சேன்."

"எதை வச்சீங்க?"

"தீயை. புதன்கிழமை காலையில வெந்நீர் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பின்னாடி குழியில கொட்டினேன். முந்தின நாள் சாம்பல், ஆறிப்போயிருக்கும்னு நினைச்சேன். உள்ள கங்கு இருந்திருக்கும். கை வச்சுக்கூடப் பாக்கலியேம்மா. என் வீட்டை என் கையாலயே கொளுத்திக்கிட்டேன். உன் வீடும் போயிருந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்னைப் பாத்திருப்பேன்?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்கிறேன். நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியொரு நிம்மதி. ஆகா, நான் இல்லை, அண்ணி! சாம்பல் குழியும் கருகல் ஆரம்பிக்கிற பக்கம்தானே இருக்கிறது. அவர் முதுகைத் தடவி, "விடுங்க அண்ணி, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன். நோட்டீஸைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அவர் சாம்பலைக் கொட்டினது காலை எட்டு மணிக்கு. தீ பற்றினது பன்னிரண்டரைக்கு. நாலரை மணி நேரம் கங்கு சும்மாவா இருக்கும்? இருக்கலாம் என்று ஒரு மனசு, இருக்காது என்று ஒரு மனசு. என்னுடையது ஒரு மணி நேரக் கணக்கு, நோட்டீஸில் போட்டிருக்கிற அதே கணக்கு. சரி, நான்தான் என்று முடிவுக்கு வந்தால், ணங் என்ற சத்தத்தைத் தவிர என் கண்ணால் ஒரு பொறியைக்கூட நான் பார்க்கவில்லையே என்று தோன்றும். பட்டப்பகலில் பொறி கண்ணுக்குத் தெரியுமா? யாரிடம் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே.

செவ்வாய்க்கிழமை வேனில் ஒரு பெண் பிள்ளையை அவள் வீட்டைத் தாண்டி மூன்று தெரு கூட்டிப்போய்விட்டேன். "ஆன்ட்டி, எங்க வீடு போயிடுச்சு" என்று அது பின்னாலிருந்து கத்தியது. வேனை ஓரம்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷத்தில் நான் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். முதலில் சரிவில் நடந்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குட்டிக் கொடிகளாக நட்டார். தீ எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு ஒரு நிறம், எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு ஒரு நிறமாம். பிறகு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நான், வீட்டுக்காரர், அண்ணி, மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம்.

"இடி மின்னல் எதுவும் இல்ல. அப்ப மனுஷங்க கைதான். பெரும்பாலும் அப்படித்தான்" என்றார் அதிகாரி. "அன்னிக்குக் காலையில யாராவது வெளிய ஏதாவது வேலை செஞ்சீங்களா?"

"நம்ம வீட்டுப் புல்லெல்லாம் அதுக்கு முந்தின வாரமே வெட்டியாச்சு சார்" என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். யாரும் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு நிஜமாகவே கிழமை மறந்துபோனதா, அல்லது அவரும் அந்த நோட்டீஸ் கட்டைப் பிரித்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தாரா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

"சார், யாரையும் கேக்க வேணாம். நான்தான்" என்றார் அண்ணி. சாம்பல், குழி, எட்டு மணி என்று ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி எழுதினார். "என் அஜாக்கிரதைன்னு போடுங்க சார். கையெழுத்து எங்க வைக்கணும்?" என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.

நான் பெரிய தியாகி இல்லை. கடைசி நொடி வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கை பேனாவைப் பிடித்ததைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"வைக்காதீங்க அண்ணி! சார், புதன்கிழமை பத்தரை மணிக்கு மெஷின் போட்டு நான் புல்லு வெட்டினேன். இரும்புத் தகடு. கல்லுல பட்டுச்சு. பத்து மணிக்கு மேல வெட்டக் கூடாதுன்னு உங்க நோட்டீஸ்ல பின்பக்கம் போட்டிருக்கு. நான் பின்பக்கம் பாக்காமலே செவுத்துல ஒட்டிட்டேன்."

"நீ சும்மா இரு. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா சார்" என்றார் அண்ணி.

"நான் எதுக்கு உங்களைக் காப்பாத்தணும்? நிஜமாத்தான் சொல்றேன்!"

"என் வீடு எரிஞ்சதுக்கு நீ எதுக்குடி பழி ஏத்துக்கறே?"

"ஐயோ, நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளுங்களேன்!"

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "அம்மா, கொஞ்சம் இருங்க. பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்கறேன். எங்க போனாலும் நான் இல்லை, நான் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு ஒத்துக்கறீங்க. எரிஞ்சது ஒரே தீதானே."

"அப்ப யாரு சார்?" என்று நானும் அண்ணியும் ஒன்றாகக் கேட்டோம்.

அவர் நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருந்த படத்தைக் காட்டினார். தீ ஆரம்பித்தது ஒரு அறை அளவு இடத்துக்குள். அதன் ஒரு முனை சாம்பல் குழியைத் தொடுகிறது, மறுமுனை நான் வெட்டின புல்லின் ஓரத்தைத் தொடுகிறது. பக்கவாட்டில் நடைபாதை, அங்கே அவர் நாலு சிகரெட் துண்டுகளைப் பொறுக்கியிருந்தார். காற்று அன்றைக்கு இரண்டு முறை திசை மாறியிருக்கிறது. "மூணுல எதுவும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது. மனுஷக் கை, காரணம் உறுதியாகலைன்னுதான் எழுதுவேன்" என்றார். எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கா நான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்? அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கூடத்தில் நானும் அண்ணியும்தான். "டீ போடட்டுமா அண்ணி?" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பின்பக்கத்தை நீ எப்பப் பாத்தே?"

"சனிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை நான் உன்கிட்ட சாம்பலைப் பத்திச் சொன்னேன். அப்ப உனக்கு இது தெரியும்."

யார் எதைக் கேட்டாலும் தெரியவில்லை, தெரியவில்லை என்றுதான் அத்தனை நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இது மட்டும் தெரிந்தது. "தெரியும் அண்ணி" என்றேன்.

"என் கையாலயே என் வீட்டைக் கொளுத்திட்டேன்னு உன் முன்னாடி உக்காந்து அழுதேன். நீ முதுகைத் தடவிக் குடுத்தே. அப்பவும் தெரியும். அப்புறம் நாலு நாளு நான் சோறு இறங்காம கிடந்தேன். அப்பவும் தெரியும்."

"ஆமா."

"தீ யாரால வந்துச்சுன்னு அந்த ஆளுக்குத் தெரியல, எனக்கும் தெரியல, அது போகட்டும். இது யாரால வந்துச்சுடி?"

நாலு வார்த்தைக்கு எட்டு வார்த்தை பேசுகிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

அண்ணி எழுந்தார். யாரோ கொடுத்த இரண்டு புடவைகள் இருந்த பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், விறுவிறுவென்று வாசலைத் தாண்டினார். இந்த நடை எனக்கு அத்துப்படி. எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதே நடையில் மேலே ஏறிப் போய், கதவைப் படாரென்று சாத்துவார். கீழே எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். மூன்று நாளைக்கு முகத்தில் விழிக்க மாட்டார். "போங்க, போங்க" என்று நானும் பாத்திரத்தை உருட்டுவேன்.

வாசலைத் தாண்டி மேட்டுப் பக்கம் திரும்பினார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை.

மேலே கறுத்துப்போன இரண்டு சுவர்கள்தான் நின்றன, கதவுகூட இல்லை. அண்ணி பையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றார். நான் வாசலில் நின்றேன். கூப்பிடலாமா? என்ன சொல்லிக் கூப்பிடுவது? கோபித்துக்கொண்டு போகக்கூட மனுஷிக்கு ஒரு வீடு வேண்டும். அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் வீட்டுக்குள் போனார்.